மேகசின் மாற்றும் நேரத்தில் ஒரு விநாடி

கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவர்களில் எல் பிரெசிடென்டே பயிற்சியைச் செய்து பார்க்காதவர் அரிது. 1976-இல் தொடங்கிய ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கிப் போட்டி அமைப்பின் முதல் தலைவரான ஜெஃப் கூப்பர் உருவாக்கியது அது. 10 கெஜ தூரத்தில் மூன்று இலக்குகள். இலக்குக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். டைமர் ஒலித்ததும் திரும்பி, உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, இலக்குக்கு இரண்டு வீதம் ஆறு முறை சுட வேண்டும். பிறகு தோட்டா அடுக்கிய பெட்டியான மேகசினை மாற்றி மறுபடியும் ஆறு.

எனக்கு இது சுமார் 8 விநாடிகளில் முடிந்துகொண்டிருந்தது. பத்துத் தோட்டா நடு வட்டாரத்தில், இரண்டு அதற்கு அடுத்ததில். வேகம் குறைந்த தோட்டாவுக்கான மைனர் கணக்கில் நடுவில் பட்டால் 5 புள்ளி, அடுத்ததில் பட்டால் 3. ஆக மொத்தம் 56. புள்ளிகளை நேரத்தால் வகுத்துத்தான் மதிப்பு போடுவார்கள் என்பதால் 56-ஐ 8 ஆல் வகுத்து 7. பன்னிரண்டு தோட்டாவும் நடுவிலேயே பட்டிருந்தால்கூட 60-ஐ 8 ஆல் வகுத்து 7.5 தான் வரும். அதே 56 புள்ளியை 7 விநாடியில் எடுத்தால் 8. குறி இன்னும் கூர்மையாக வேண்டும் என்றே உழைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கு உறைத்தது. அந்த ஒரு விநாடி எங்கே இருக்கிறது என்று டைமரைப் பார்த்தேன். ஆறாவது தோட்டாவுக்கும் ஏழாவதுக்கும் இடையே இரண்டரை விநாடிக்கு மேல் காட்டியது.

மேகசின் மாற்றாமல் தப்பிக்க வழியும் இல்லை. நான் சுடும் புரொடக்‌ஷன் பிரிவில் (பெரும்பாலும் தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கும் கைத்துப்பாக்கிகளுக்கானது) ஒரு மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் கூடாது. போட்டியின் ஒரு சுற்றான ஸ்டேஜ் நீண்டதாக இருந்தால் 32 தோட்டா வரை தேவைப்படும். துப்பாக்கிக்குள் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஒன்றைச் சேர்த்தாலும் இரண்டு மேகசினில் 31 தான். இரண்டு தடவை மாற்றியே ஆக வேண்டும்.

பயிற்சியில் பெரும்பகுதி தோட்டா இல்லாமல்தான். அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. துப்பாக்கியையும் ஒவ்வொரு மேகசினையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆரம்பம். வெற்று மேகசின் எடையில்லாமல் பறக்கிறது, கைக்குத் தவறான பழக்கத்தைக் கொடுக்கிறது. அதனால் போலித் தோட்டாக்களை நிரப்பிக்கொள்கிறேன். தரையில் கனமான விரிப்பு ஒன்று வேண்டும். வெறும் தரையில் விழுந்து விழுந்து மேகசினின் மேல் உதடுகள் வளைந்தால் போட்டியில் தோட்டா சிக்கும்.

முதலில் முழு மாற்றத்தையும் வேகமாகச் செய்து பார்ப்பதை விட்டுவிட்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். இங்கே மேகசின் நுழைய வேண்டிய துப்பாக்கிப் பிடியின் வாய் அண்டாவைவிட எவ்வளவோ சிறியது. பர்க்கெட் ரீலோடு என்று போட்டியாளர்கள் சொல்லும் பயிற்சியை எடுத்துக்கொண்டேன். ஒலி கேட்டதும் பழைய மேகசினை விழச்செய்து, புதியதை எடுத்துவந்து, பிடியின் வாயருகே நிறுத்திவிட வேண்டும். உள்ளே தள்ளக் கூடாது. நிறுத்திய இடத்தில் மேகசின் நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. இடுப்பில் மேகசின் செருகியிருக்கும் பவுச்சிலிருந்து எடுக்கும்போது ஆட்காட்டி விரல் மேகசினின் முன்பக்கம் முழுவதும் படிந்து, விரல்நுனி முதல் தோட்டாவின் மூக்கைத் தொட வேண்டும். அப்படித் தொட்டால் மேகசின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கைக்கே தெரியும். விரல் பாதி வழியில் நின்றால் மேகசின் உள்ளங்கையில் சாய்ந்துவிடும். பவுச்சை இடுப்பில் ஓரிரு விரற்கடை முன்னே நகர்த்தி, சற்றுச் சாய்த்ததும் விரல் தானாகவே சரியான இடத்தில் போய் விழுந்தது. பணம் செலவழிக்காமல் கிடைத்த முன்னேற்றம் இது ஒன்றுதான்.

அடுத்தது நுழையும் கோணம். மேகசினின் பின்சுவர் தட்டையானது. அந்தத் தட்டையான பக்கத்தை முதலில் பிடிவாயின் பின்சுவரில் சாய்த்துத் தொட்டு, பிறகு நிமிர்த்தி மேலே தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு போகிறது. நேராகக் குத்தினால் முன் விளிம்பில் இடித்து நிற்கிறது. இடிக்கும் சத்தமும் வழுக்கும் சத்தமும் வேறு வேறு. கண்ணை மூடிக்கொண்டே எது நடந்தது என்று சொல்லலாம்.

கண்ணை மூடலாம் என்றது சத்தத்துக்காக மட்டுமே. மாற்றும்போது கண்தான் எல்லாம். கைகள் ஏற்கெனவே வேகமாகத்தான் இருந்தன. கண் இலக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததால் கடைசி இரண்டு அங்குலத்தில் கை தடவித் தேடியது. இப்போது பழைய மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்தும் கணத்திலேயே பார்வை பிடிவாய்க்கு வந்துவிடுகிறது. வாயின் பின் விளிம்பில் ஒரு புள்ளியைப் பார்க்கிறேன்; முழு வாயையும் பொதுவாகப் பார்த்தால் பயனில்லை. அதற்குத் துப்பாக்கி இடுப்பருகே இறங்கிவிடக் கூடாது. முழங்கை விலாவை நோக்கி மடங்கினாலும் துப்பாக்கி முகத்துக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். பிடி மட்டும் உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். விசைவிரல் விசைக்கூட்டுக்கு வெளியே, துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடின் பக்கவாட்டில் தெரியும்படி நீண்டிருக்க வேண்டும். ரீலோடு செய்யும்போது விரல் உள்ளே இருந்தால் எச்சரிக்கையெல்லாம் கிடையாது, நேரே போட்டியிலிருந்து வெளியேற்றம்தான். சரியான விதி.

இவ்வளவுக்குப் பிறகு வீட்டுப் பயிற்சியில் மேகசின் ஒன்றரை விநாடிக்குள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மகிழ்ச்சியோடு சுடுதளத்துக்குப் போனால் டைமர் 2 விநாடிக்குக் குறையவில்லை. வித்தியாசம் எங்கே என்று கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தேன். மேகசின் பூட்டும் ஓசை கேட்டதும் வேலை முடிந்ததுபோல் இடது கை தளர்கிறது. பிறகு பிடியைத் தேடி ஒட்டுகிறது, பிறகு குறி எழுகிறது. உள்ளங்கை மேகசினை அடித்துத் தள்ளிய அதே ஓட்டத்தில் மேலேறிப் பிடியில் உட்கார வேண்டும். அதனால் வீட்டுப் பயிற்சியையும் மாற்றிக்கொண்டேன். ஓசையோடு நிறுத்துவதில்லை, குறி இலக்கில் நின்று, விசையின் தளர்வை எடுத்த பிறகுதான் ஒரு முறை என்று கணக்கு. இதைச் சலித்துக்கொண்டேதான் செய்தேன், ஆனால் வேலை செய்தது.

மாற்றிய பின் சுடும் ஏழாவது தோட்டாவை வீணாக்கினால் மிச்சப்படுத்தியதெல்லாம் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் பட வேண்டிய ஒன்று இலக்கையே தவறினால் 5 புள்ளி போவதோடு 10 அபராதமும் உண்டு. 56 என்பது 41 ஆகும். 7 விநாடியில் முடித்தாலும் மதிப்பு 6-ஐத் தொடாது. அதனால் பயிற்சியில் நேரத்தைவிட முதலில் அந்த ஏழாவது ஓட்டையைத்தான் பார்க்கிறேன்.

இப்போது நின்ற இடத்தில் மாற்றுவது பெரும்பாலும் 1.6 விநாடியை ஒட்டி வருகிறது. நல்ல நாளில் அதற்கும் கீழே. தேர்ந்த வீரர்கள் ஒரு விநாடிக்குள் முடிப்பார்கள். அங்கே போக எனக்கு ஆசையும் இல்லை, வயதும் இல்லை. ஸ்டேஜ்களில் நான் நின்றுகொண்டு மாற்றுவதே அரிதாகிவிட்டது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எப்படியும் நாலு எட்டு நடந்தாக வேண்டும். முதல் எட்டிலேயே மாற்றிவிட்டால் அதற்குத் தனியாக நேரம் போவதில்லை. ஸ்டேஜைச் சுற்றிப் பார்க்கும்போதே எந்த எட்டில் மாற்றுவது என்று முடிவு செய்துவிடுகிறேன்.

சரியாகாமல் இருப்பது இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே மாற்றுவது. வலக்கைக்காரர்களுக்கு உடல் இடப்புறம் திரும்பினால் குழல்முனையும் கூடவே இழுபடும். சுடும் திசையிலிருந்து 90 பாகையைத் தாண்டினால் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. மணிக்கட்டை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மாற்றினால் பிடிவாய் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. இப்போதைக்கு அந்தப் பக்கம் போகும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டாவது எட்டில் மாற்றிப் பார்க்கிறேன்.