உப்பு சாரும் சோடா சாரும்

நம் பாலிடெக்னிக்கில் துணிக்குச் சாயம் போடும் லேபில் பாடம் நடத்திய உப்பு சார் போன தை மாதம் காலமானார். நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வங்கதேசத்துக் காஜிப்பூர், துபாய், கொழும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் இரங்கல் வந்து குவிந்தது. அவர் குடும்பத்துக்கு, அவர் அண்ணனுக்கு, நம் பாலிடெக்னிக்குக்கு என்று எல்லோருக்கும் ஆறுதல் சொன்னோம். அதே லேபில் பாடம் நடத்திய சோடா சாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதலில் சொல்லியிருக்க வேண்டியது அவருக்குத்தான்.

அவர்கள் இருவரும் காதலர்கள். அவினாசி ரோட்டுக்கு உள்ளடங்கிய அந்த ஓட்டு வீட்டில் ஒன்றாக வாழ்ந்தார்கள். நம்மில் பாதிப்பேருக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. இதை எழுதலாமா என்று சோடா சாரிடம் கேட்டேன். "எழுது கண்ணு. பேரு மட்டும் வேண்டாம். அவரு அண்ணன் ஊட்டுல சங்கடப்படுவாங்க" என்றார்.

1994-இல் அவர்களைப் பார்த்தவர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள். ஒரே லேப், ஒரே பதவிக்கு இரண்டு பேர். உப்பு சார் டையிங் மாஸ்டராக வேலை பார்த்து வந்தவர், கையால் துணியைத் தொட்டே ஷேடு சொல்வார். சோடா சார் படித்து வந்தவர், பிப்பெட் என்ற அளவுக்குழாய் இல்லாமல் பேச மாட்டார். 5 கிராம் துணி, 2 சதவீத ஷேடு, அதாவது துணி எடையில் 2 சதவீதம் சாயம் என்றால், 1 சதவீதச் சாயக் கரைசலில் 10 மில்லி. பாத், அதாவது துணிக்குச் சாயத் தண்ணீர், 1:10 என்றால் 50 மில்லி, லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் உப்பு 3 கிராம், 20 கிராம் கணக்கில் சோடா (சோடியம் கார்பனேட்) 1 கிராம். தூக்கத்தில் கேட்டாலும் நாம் சொல்வோம். அதைச் சொல்ல வைத்தவர் அவர்.

பட்டப்பெயர்கள் சண்டையில் பிறந்தவை. சாயம் துணிக்குப் போவதற்கு முன்பே சோடா விழுந்தால் அது தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும், அதனால் உப்பை மூன்று தவணையாகப் போட்டு அரைமணி பொறு என்பார் உப்பு சார். உப்பு சாயத்தைத் துணியிடம் தள்ளிவிடும், அவ்வளவுதான். பிணைப்பது சோடா, அதை ஒரே வீச்சில் கொட்டினால் திட்டு விழும், முதலில் பத்தில் ஒரு பங்கு, அப்புறம் மூன்று, கடைசியில் ஆறு என்பார் சோடா சார். இரண்டுமே சரி. ஆனால் இருவரும் மற்றவர் சொல்வதைக் காதில் வாங்காமல் ஒரு வருடம் ஓட்டினார்கள். நடுவில் அகப்பட்டது நம் ரெக்கார்டு நோட்டுகள்.

துணியைச் சுழற்றிச் சுழற்றிச் சாயம் போடும் வின்ச் இயந்திரத்தில் நடந்த அந்தச் சம்பவம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 10 கிலோ பனியன் துணி, நடுத்தர நீலம். பிளீச்சிங் சோடா சார் பொறுப்பு, டையிங் உப்பு சார் பொறுப்பு. துணி வெளியே வந்தபோது அங்கங்கே வெளிறிய திட்டுகள். சோடா சார் கத்தரிக்கோலை எடுத்து ஒரு திட்டை வெட்டி, நாற்பது மாணவர்கள் முன்னால் தூக்கிப் பிடித்து, "மாஸ்டரோட கைராசியப் பாருங்க" என்றார். உப்பு சார் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாம் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன் சோடா சார் கரும்பலகை ஓரம் நின்றார். அந்த லாட்டில் சாயம் போடாமல் வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துண்டு பாலித்தீன் பையில் ஈரத்தோடு கிடந்தது. அதன்மேல், பெராக்சைடு இருந்தால் காட்டிக்கொடுக்கும் அயோடைடு மாவுத்தாளை ஒற்றினார். தாள் நீலமாக மாறியது. பிளீச்சிங்குக்குப் போட்ட பெராக்சைடு மிச்சமிருந்திருக்கிறது. வின்ச்சில் துணி முறுக்கிக்கொண்ட இடங்களுக்குள் சுடுதண்ணீர் போகவில்லை. அலசும்போது பிரித்துவிட்டிருக்க வேண்டும். அங்கே மிஞ்சிய பெராக்சைடு சாயத்தை உடைத்து வெளிறடித்துவிட்டது. "தப்பு என்னோடது. மாஸ்டர் கையில இல்ல. நேத்துப் பேசினதுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். தான் செய்த பிழையை வகுப்பில் சொன்ன வாத்தியார் அதுவரை நமக்கு வாய்த்ததில்லை.

அன்று இரவு இருவரும் அந்தத் துணியிலிருந்து சாயத்தைக் கழற்றினார்கள். சாயம் நீக்கும் ஹைட்ரோஸ் லிட்டருக்கு 5 கிராம், காஸ்டிக் சோடா, 80 டிகிரி. சாயம் கழற்றிய துணி முழு வெள்ளைக்கு வராது, மறுபடி அதே நீலம் போட்டால் பழைய திட்டு காட்டிக்கொடுக்கும். அதனால் நேவிக்கு, அதாவது கருநீலத்துக்கு, கொண்டுபோனார்கள். உப்பு அவர் போட, சோடா இவர் போட்டார்.

அந்த இரவைப் பற்றி சோடா சார் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு வார்த்தை குத்திக் காட்டல கண்ணு. ஹைட்ரோஸ் நெடியில எனக்குக் கண்ணு எரிஞ்சுது. குவளையில தண்ணி மொண்டாந்து, தலையப் புடிச்சுக் கழுவிவுட்டாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவருக்குத்தான் ஆறு மாசம் ஆச்சு."

அதன் பிறகுதான் ரெக்கார்டுகளில் இரண்டு கையெழுத்தும் ஒரே பக்கத்தில் வந்தன, இரண்டு டிபன் கேரியர் ஒன்றாயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இருவரும் ஒரே டிவிஎஸ்ஸில் பட்டறை பட்டறையாகப் போய், கழிவிலிருந்து உப்பைப் பிரித்து மறுபடி பாத்துக்கு எடுப்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நொய்யலைக் கெடுத்தது நிறம் மட்டுமல்ல, உப்பும்தான் என்பதில் உப்பு சாருக்குக் கடைசிவரை வருத்தம் இருந்தது.

அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி, அவர்களுடையது போன்ற உறவு சட்டப்படி குற்றம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், அதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து அவர்களைப் போன்றவர்களை விடுவித்தது. அன்று உப்பு சார் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தாராம். 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட உரிமை தர மறுத்தது. அன்று ஒன்றும் பேசிக்கொள்ளவில்லையாம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் சோடா சார் 'நண்பர்' என்று எழுதினார். கேதத்தில் அண்ணன் மகன் கொள்ளி வைத்தார். சோடா சார் காலேஜ்காரர்களோடு பின்னால் நின்றிருக்கிறார்.

அவர் பக்கத்தில் நிற்க நம்மில் ஒருவர்கூட ஊரில் இல்லை. நமக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்க வைத்தது அந்த இருவரின் கைத்தொழில்தான். விசா வந்ததும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் காபி குடித்து, காலில் விழுந்து, கிளம்பி வந்துவிட்டோம். 'நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும்' என்று இருவரையும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருடங்களில் எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் சோடா சாரிடம் பேசியபோது, இங்கே நேவிக்கு எவ்வளவு உப்புப் போடுகிறோம் என்று கேட்டார். லிட்டருக்கு 70 கிராம் என்றேன்.

"அவரு 80ம்பாரு. நான் 70 போதும்பேன். மூணு நாளைக்கு அதே பேச்சா இருக்கும். இப்ப 70ன்னு நான் சொன்னா, ஆமாம்னு எல்லாரும் கேட்டுக்கறாங்க கண்ணு."