நீக்கச் சொன்ன பத்தி

“தப்புன்னு சொல்றீங்களா மேடம், தேவையில்லைன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார் அந்த ஜூனியர், அவர் எழுதிய அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை நீக்கச் சொன்னபோது. தேவையில்லை என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் மனசு அங்கேயே சுற்றுகிறது.

அறிக்கை சிலிக்கான் வெப்ப உணரியைப் பற்றியது. சூடு ஏறினால் பேண்ட் கேப், அதாவது மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, சுருங்கும்: சூடே இல்லாத 0 கெல்வினில் 1.17 எலக்ட்ரான் வோல்ட், அறை வெப்பநிலையான 300 கெல்வினில் 1.12. இடையில் உள்ள வெப்பநிலைகளுக்கு இடைவெளியைக் கணக்கிட வார்ஷ்னியின் 1967 சமன்பாடு போதும். அவரோ ஒரு பத்தி கூடுதலாக எழுதியிருந்தார். 1.17 என்பது அசையாத அணுக்களின் மதிப்பு அல்ல. 0 கெல்வினிலும் அணுக்கள் அதிர்கின்றன, அந்த அதிர்வே இடைவெளியை ஏறக்குறைய 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் குறைத்துவிடுகிறது என்று. அதாவது, 300 கெல்வின் வரை சூடாக்கிக் குறைக்கும் 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைவிட, சூடே இல்லாதபோது குறைந்திருப்பது அதிகம்.

அந்த அதிர்வை நிறுத்திவிட்டு அளக்க வழியில்லை. அதனால்தான் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள், உதவிக்கு வருகின்றன. கனமான அணு குறைவாக அதிரும். வைரத்தில் கார்பன்-12க்குப் பதில் கார்பன்-13 இருந்தால் இடைவெளி ஏறக்குறைய 14 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கூடுகிறது. அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு, நிறை முடிவில்லாமல் பெருகினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால், அசையாத அணுக்களின் இடைவெளி கிடைத்துவிடும். இதையெல்லாம் அவர் என்னைவிடத் தெளிவாக எழுதியிருந்தார்.

“சூடு ஏற ஏற நிறையின் பங்கு மங்கிவிடும், நம்ம உணரி மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே போகாது” என்றேன்.

“சிலிக்கானோட டிபை வெப்பநிலை, அணுக்களோட எல்லா அதிர்வும் சூட்டால கிளம்புற அளவு, 645 கெல்வின் மேடம். அதுக்கு அறை வெப்பநிலையே குளிர்தானே?”

நாம் வாங்குவது இயற்கைச் சிலிக்கான், 92 சதவீதம் சிலிக்கான்-28, அந்த விகிதம் மாறப்போவதில்லை என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் அறிக்கையைப் படிக்கப்போகிறவருக்கு வேண்டியது அளவுத்திருத்த அட்டவணை. இதைச் சேர்த்தால் விதிவிலக்கையும் சொல்ல வேண்டிவரும். செம்பு குளோரைடில் சூடு ஏறினால் இடைவெளி விரிகிறதே! ஒரு பத்தி மூன்று பக்கமாகும்.

ஆகியிருக்குமா? நான்கு வரியோடு நிறுத்தியிருப்பார் என்றும் தோன்றுகிறது. பிறகு வேறொருவர் இதே விஷயத்தை அடிக்குறிப்பில் இரண்டு வரியாக எழுதியபோது விட்டுவிட்டேன். அடிக்குறிப்புதானே என்று சொல்லிக்கொண்டேன். முதலில் எழுதியவர் அதைப் பார்த்தாரா என்று விசாரிக்கவில்லை.