பேக்கிங் செக்‌ஷன் கர்னல்: டிஸ்க் டிரைவர் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய், திருப்பூர்

பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் கர்னலை (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) நாங்களே கம்பைல் செய்து போடுகிறோம். இனிட்ராம்எஃப்எஸ், அதாவது பூட் ஆகும்போது டிரைவர்களை எடுத்துத் தரும் தற்காலிக ஃபைல் சிஸ்டம், வைப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் பார்கோடு மேசை உடனே எழுந்தாக வேண்டும், தூத்துக்குடி லாரி நமக்காக நிற்காது. ரூட் டிஸ்க்குக்கு (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) வேண்டிய டிரைவர் எல்லாம் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

முன்பு இருந்தவர் விட்டுப்போனது ஒரே ஒரு கான்ஃபிக் கோப்பு. எது ஒய் (கர்னலுக்குள்ளேயே), எது எம் (தேவைப்படும்போது ஏற்றும் தனி மாட்யூல்) என்று அதில் இருக்கிறது. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. புது மதர்போர்டுகள் வரப்போகின்றன, அதனால் எந்த மெஷினுக்கு எந்த டிரைவர், எதற்காக என்று இன்று எழுத ஆரம்பித்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, “ஏனுங்க, அதான் ஓடுதுல்லீங்க, அப்பறம் என்னத்த எழுதறீங்க?” என்றார். போர்டு மாறினால் ஓடாதுங்க என்றேன். “சரி, எழுதுங்க” என்று போய்விட்டார்.

ஜூன் 4, புதன்

சாட்டா எஸ்எஸ்டி மெஷின்களை முதலில் எடுத்தோம். ‘எல்எஸ்பிசிஐ -கே’ என்ற கமாண்ட் அடித்தால் டிஸ்க் மாட்டியிருக்கும் கண்ட்ரோலரும் அதை ஓட்டுகிற டிரைவரும் தெரிகின்றன: ஏஹெச்சிஐ. வழக்கமான குறிப்பு என்றால் இதோடு நின்றிருக்கும். ஆனால் இது போதாது.

அவினாசியிலிருந்து வரும் தம்பி கேட்டான்: “ஏனுங்ணா, நம்மகிட்ட ஸ்கஸி டிஸ்க்கே இல்லீங்களே. பிஎல்கே_டெவ்_எஸ்டி எதுக்குங்ணா ஒய்?”

கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்கஸி என்பது பழைய டிஸ்க் இணைப்பு முறை, பிஎல்கே_டெவ்_எஸ்டி அதன் டிஸ்க் டிரைவர். ஆனால் லினக்ஸில் சாட்டா டிஸ்க்கும் ஸ்கஸி அடுக்கு வழியாகத்தான் வரும், எஸ்டிஏ என்ற டிஸ்க் பெயரே அங்கிருந்து வருவது. கான்ஃபிக் மெனுவில் ஏடிஏவை (சாட்டாவுக்கான பகுதி) திறந்தால் ஸ்கஸி தானாக வந்துவிடும், எஸ்டி மட்டும் வராது. அதை நாம்தான் போட வேண்டும். விட்டுவிட்டால் கண்ட்ரோலர் தெரியும், டிஸ்க் தெரியாது. அந்த ஆப்ஷனின் ஹெல்ப் பகுதியைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ரூட் ஃபைல் சிஸ்டம் இந்த டிஸ்க்கில் இருந்தால் இதை மாட்யூலாக்காதே, ஹோஸ்ட் அடாப்டர் டிரைவரையும் ஆக்காதே என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஐயோமேகா ஜிப் டிரைவ் பெயரும் அதே இடத்தில் வருகிறது. தம்பி அதைப் பார்த்ததே இல்லை.

எங்கள் குறிப்பில் சாட்டாவுக்கு இப்போது நான்கு வரிகள்: ஏடிஏ, ஏஹெச்சிஐ, எஸ்டி, ரூட்டின் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4. நான்கும் ஒய். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம்.

ஜூன் 6, வெள்ளி

பூட் நின்றுபோனால் திரையில் வரும் வரியையும் குறிப்பில் சேர்த்தேன். ‘அன்நோன்-பிளாக்’ என்று வந்து அடைப்புக்குள் 0,0 இருந்தால் கர்னலுக்கு ரூட் டிஸ்க்கே கிடைக்கவில்லை. டிரைவர் இல்லை, அல்லது ரூட் பெயர் தப்பு. 8,2 மாதிரி வந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது, 8 என்பது எஸ்டியின் எண். அப்போது ஃபைல் சிஸ்டம் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். இரவு ஷிஃப்டில் இருப்பவர் இந்த எண்ணைப் போனில் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாதபோது ரூட்டுக்கு யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) கொடுத்தால் கர்னலுக்குப் புரியாது. பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

புது போர்டுகள் வந்தன. என்விஎம்இ. சாட்டா இல்லாமல் பிசிஐ வழியாக நேராக இணையும் எஸ்எஸ்டி. ஸ்கஸி அடுக்கே வேண்டாம், பிஎல்கே_டெவ்_என்விஎம்இ ஒய், வேலை சுலபம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சில போர்டுகளில் டிஸ்க் தெரியவே இல்லை. எல்எஸ்பிசிஐயில் என்விஎம்இ இருக்க வேண்டிய இடத்தில் இன்டெலின் ‘வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்’ என்று ஒரு ரெய்டு கண்ட்ரோலர். பயாஸில் இந்த விஎம்டி ஆனாக இருந்தால் டிஸ்க் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதற்கான டிரைவர் டிஸ்க் மெனுக்களில் கிடையாது, பிசிஐ கண்ட்ரோலர் மெனுவில் இருக்கிறது. அவினாசி ரோட்டில் கடையைத் தேடினால் கடை பல்லடம் ரோட்டில். கான்ஃபிக் மெனுவான மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு அடித்துத் தேடினால் இடமும் தெரியும், அது எதைச் சார்ந்தது என்பதும் தெரியும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் ஆகும். ஆனால் பயாஸ் பேட்டரி செத்தால் பழையபடி ஆன் ஆகிவிடலாம். அதனால் இரண்டும்: பயாஸில் ஆஃப், கர்னலில் ஒய். குறிப்பில் மெனு வழியையும் முழுசாக எழுதிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

தம்பி குறுக்குவழி கண்டுபிடித்து வந்தான். லினக்ஸ் டிஸ்ட்ரோவோடு வரும் ரெடிமேட் கர்னலில் பூட் செய்து, ‘மேக் லோக்கல்யெஸ்கான்ஃபிக்’ அடித்தால் அப்போது ஓடுகிற மாட்யூல்கள் எல்லாம் ஒய் ஆகிவிடும், மற்றவை கழன்றுவிடும். நல்ல கருவிதான். ஆனால் அந்த நேரத்தில் செருகியிருக்காத எதுவும் அதன் கணக்கில் வராது. மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸ் அக்கா பேக்கப்புக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி டிஸ்க் அப்படித்தான் விடுபட்டது. யூஎஸ்பி டிஸ்க் டிரைவர்களான யூஎஸ்பி_ஸ்டோரேஜ், யுஏஎஸ் இரண்டையும் எம் என்று சேர்த்தோம். ரூட் அதில் இல்லை, மாட்யூலே போதும். குறிப்பில் ‘எப்போது செருகப்படும்’ என்று ஒரு கட்டம் புதிதாகப் போட்டாயிற்று, தம்பி கையெழுத்திலேயே.