மாடிக் கதவின் சாவி

"அக்கா, எங்க வீட்டு மாடிக் கதவு பூட்டியேதான் இருக்கும். சாவி ஹவுஸ் ஓனர்கிட்ட இருக்கு. நான் எப்படி டேங்க்க மூடுறது?"

வடசென்னைப் பள்ளி ஒன்றில் எங்கள் மலேரியா விழிப்புணர்வு நாடகம் முடிந்து, கொசு வேஷத்தின் இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கேட்டவள் ஆறாம் வகுப்பு. "நீயே போய் ஓனர்கிட்ட சொல்லு. நம்ம நாடகத்துல வர்ற பொண்ணு மாதிரி தைரியமா சொல்லணும்" என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பதில் சரியா என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மலேரியா எங்கிருந்து வருகிறது என்றால் பிள்ளைகள் உடனே "சாக்கடை" என்பார்கள். சென்னையில் அதைப் பரப்புகிற அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு நல்ல தண்ணீரில், கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடுகிறது. பாடமாகச் சொன்னால் இது மனதில் நிற்காது, ஆடிக் காட்டினால் நிற்கும். அந்தக் கொசு உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். நான் அப்படி நின்றதும் மொத்த வகுப்பும் எழுந்து அதேபோல் நிற்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் பறக்கிற கொசு. இதற்குப் பத்து நாள் போதும் என்று காட்டப் பறையில் பத்து அடி அடிப்போம். பத்தாவது அடிக்குள் ஒரு சிறுமி ஏணியில் ஏறி, தொட்டியைக் கழுவி மூடிவிடுவாள். நான் சுருண்டு விழுவேன்.

எல்லோருக்கும் சொந்த மாடி இருக்கிறது என்று நினைத்து எழுதிய ஏணி அது. வாடகைக் குடித்தனங்கள் நிறைந்த தெருவில் இருக்கும் பள்ளிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

மூன்று வாரம் கழித்து அதே பள்ளிக்குப் போனபோது டீச்சர் சொன்னார். அவள் உண்மையிலேயே போய்ச் சொல்லியிருக்கிறாள். ஓனர் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "பொண்ணை விட்டுக் கேள்வி கேக்குறியா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த அம்மா பள்ளிக்கு வந்து, "வாடகைக்கு இருக்கோம் மிஸ், இதெல்லாம் சொல்லிக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தொட்டியை மூடினார்களா என்று நான் டீச்சரிடம் கேட்கவே இல்லை.

முதலில் ஓனர் மேல்தான் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், கொசு வளரவிடும் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வீடு வீடாகத் தொட்டி பார்க்க மாநகராட்சி ஊழியர்கள் வருகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் தெருப் பெயரை வாங்கி நானே அவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஒரு போன்தான். பெரியவர்கள் பேச வேண்டிய பேச்சைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆனால், "அது அதிகாரிகள் வேலை, நீ சும்மா இரு" என்று சொல்வதற்கா நாங்கள் பள்ளி பள்ளியாகப் போகிறோம்? எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளை நச்சரித்ததால் டிரம்முக்கு மூடி வாங்கியதாக எத்தனையோ அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை.

முடிவை மாற்றிப் பார்த்தோம். சிறுமி ஏணியில் ஏறாமல் டீச்சரிடம் சொல்வாள், டீச்சர் ஊழியரைக் கூட்டி வருவார். பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். "பொண்ணு சும்மா நிக்கிறா அக்கா, பழசே இருக்கட்டும்" என்றான் பறை அடிக்கும் தம்பி. அவன் சொல்வதையும் என்னால் தள்ள முடியவில்லை.

போன மாதம் வேறொரு பள்ளியில் பழைய முடிவையே போட்டோம். பத்தாவது அடி விழுந்தது. தரையில் சுருண்டு கிடந்தபடியே, கை தட்டாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாராவது உண்டா என்று தேடிக்கொண்டிருந்தேன்.