உள்ளே கழுவ வேண்டாம்

பரிசோதனை மேசையில் ஏறுவதற்கு முன் பல பெண்கள் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: “நல்லாக் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன் சிஸ்டர்.” நாம் முகம் சுளித்துவிடக் கூடாது என்ற பயம் அதில் இருக்கிறது. கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் சேலையைத் தூக்கிப் படுப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் கூச்சத்துக்கு ஈடாகத் தங்களால் முடிந்த மரியாதையாகக் கழுவிக்கொண்டு வருகிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு பிரஷர், சுகர் பார்ப்பதோடு, புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பார்க்கிறோம். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் ஆசிட் நனைத்த பஞ்சை வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்போம். சந்தேகப்படும்படி செல்கள் மாறியிருந்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துத் தெரியும். அப்படி இருந்தால், அந்த இடத்தைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப்பிக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

கழுவுவதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். “கழுவுவீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “வெளிய மட்டுமா, கையை உள்ள விட்டா?” என்று பிரித்துக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பிள்ளை பெற்ற பிறகு மாமியார் கற்றுக்கொடுத்தது என்பார் ஒருவர். மாதவிலக்கு முடிந்ததும் விரலில் துணி சுற்றித் துடைப்பவர் உண்டு. வீட்டுக்காரரோடு சேர்ந்த பிறகு உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுபவர் உண்டு. சோப்பு, உப்புத் தண்ணீர், படிகாரம், டெட்டால் கலந்த வெந்நீர் என்று ஆளுக்கு ஒன்று. கொஞ்சம் படித்த இளம்பெண்கள் மருந்துக் கடையிலிருந்து வாசனை வாஷ் வாங்கி, வெளியே போட வேண்டியதை உள்ளேயும் விடுகிறார்கள்.

நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கும் அக்கா ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைப்படுதல் தாங்க முடியவில்லை, நாற்றம் அடிக்கிறது, அதனால் காலையும் ராத்திரியும் சோப்புப் போட்டு உள்ளே கழுவுகிறேன் என்றார். உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்தபோதே முகம் சுருங்கியது. உள்சுவர் முழுக்கச் சிவந்து, ஈரமே இல்லாமல் வறண்டிருந்தது. பஞ்சை வைத்ததும் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். சாதாரணமாக லேசான எரிச்சலோடு போய்விடும் பரிசோதனை அது. “இவ்வளவு சுத்தமா இருந்தும் ஏன் சிஸ்டர் இப்படி?” என்று கேட்டார்.

அவரிடம் சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். பெண்ணுறுப்பின் உள்ளே நமக்கு வேண்டிய நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. லாக்டோபேசில்லஸ் என்று பெயர். அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கின்றன. ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்த அமிலத்தன்மை பி.எச். கணக்கில் 3.8-லிருந்து 4.5 வரை இருக்கும். நோய்க்கிருமிகள் பலவற்றால் அந்தப் புளிப்பில் தலைதூக்க முடியாது. சோப்போ காரத்தன்மை உள்ளது. அதை உள்ளே விட்டால் புளிப்பு மாறும். கழுவக் கழுவ நல்ல பாக்டீரியாவும் அடித்துக்கொண்டு போகும். அந்த இடத்தைப் பிடிக்கும் வேறு பாக்டீரியாக்களால்தான் மீன் கவிச்சி போன்ற நாற்றம் வருகிறது. நாற்றம் போக மறுபடி கழுவுவார்கள். (ஒரு கூட்டத்தில் யாரோ இந்த நல்ல பாக்டீரியாவுக்குத் தயிரை உதாரணம் காட்டிப் பேச, ஓர் அம்மா “அப்ப தயிரை உள்ள தடவலாமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த உதாரணத்தை நான் தொடுவதில்லை.)

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. தாம்பத்திய உறவு உள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது தொற்றும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. அப்படித் தங்கிய வைரஸ் புற்றுநோயாக மாறப் பதினைந்து, இருபது வருடம்கூட ஆகலாம். தோலில் படும் நுண்ணிய கீறல் வழியாகத்தான் அது அடிச்செல்களுக்குப் போகிறது. நகம் பட்டும் துணி உரசியும் உள்ளே கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல பாக்டீரியா குறைந்த பெண்களிடம் எச்.பி.வி. அதிகம் காணப்படுவதையும், எளிதில் போகாமல் தங்குவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உள்ளே கழுவுவதுதான் நேரடிக் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே வெள்ளைப்படுபவர்தானே அதிகம் கழுவுவார்? எது முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது கஷ்டம். அதனால் “கழுவினா கேன்சர் வரும்” என்று நான் யாரையும் பயமுறுத்துவதில்லை. உள்ளே கழுவுவதால் நன்மை ஒன்றும் இல்லை, கெடுதல் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

கொரோனா சமயத்தில் சோப்புப் போட்டால் வைரஸ் செத்துப்போகும் என்று நாங்களே தெருத்தெருவாகச் சொன்னோம். அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், இதுவும் வைரஸ்தானே என்று. நியாயமான கேள்வி. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். எச்.பி.வி.க்கு அந்த உறையே கிடையாது. செல்லுக்குள் போய்விட்ட பிறகு எந்தத் தண்ணீரும் அதைத் தொடாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. “நான் சுத்தபத்தமா இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?” என்று வாசலிலேயே திரும்பிப் போகும் பெண்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான காரணங்களில் ‘பிறப்புறுப்புச் சுத்தமின்மை’ என்று ஒரு வரியை விழிப்புணர்வுப் பிரசுரங்களில் இன்னமும் பார்க்கிறேன். அந்த வரி இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. சுத்தமாக இருப்பவர் தனக்கு வராது என்று நம்பிவிடுகிறார். வெள்ளைத் திட்டு தெரிந்து மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படும் பெண், தன்னை அழுக்கானவள் என்று சொல்லிவிட்டதாக உடைந்துபோகிறார். வீட்டில் கேட்கும் கேள்வி அதைவிட மோசமாக இருக்கிறது. கணவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் இந்த வைரஸ் வரும், எப்போது யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது என்று கணவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதே அசிட்டிக் ஆசிட் பரிசோதனையைச் செய்து பார்த்த பெரிய ஆய்வு நடந்தது திண்டுக்கல்லில்தான். பரிசோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு முறை செய்த பரிசோதனைக்கே அந்தப் பலன். நம் நாட்டில் ஒரு வருடத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த நோயால் சாகிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த 35 எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

பூப்பறிக்கும் அக்காவுக்கு வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. நாற்றத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதினார். உள்ளே கை விடாமல், வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னேன். மறுபடி வந்தபோது நாற்றம் இல்லை, ஆனால் லேசாக வெள்ளைப்படுகிறது என்று கவலையோடு சொன்னார். நிறமில்லாமல், அரிப்பில்லாமல் கொஞ்சம் படுவது இயல்பு என்று விளக்கினேன். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி, “அவளும் என்னை மாதிரிதான் பண்றா, கூட்டிட்டு வரவா?” என்றார். வரச் சொல்லுங்கள், வருவதற்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே எதையும் விட வேண்டாம், மாதவிலக்கு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியே தன் பதினான்கு வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதைப் பற்றியும் கேட்டார். அதைப் பேசி முடிக்க அன்று சாப்பாட்டு நேரம் போய்விட்டது.