குளிக்கும் அப்ரோடைட்டும் நெட் காட்சிக்கலையும்: ஒரு சிலைக்கு இரண்டு தேதி

நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) காட்சிக்கலை முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். நிம்மதி இன்னும் புதிதாகவே இருக்கிறது. இரண்டாம் தாளில் கிரேக்கச் சிற்பத்தைக் கண்டு தயங்குபவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒவ்வொரு சிலைக்கும் இரண்டு தேதி எழுதுங்கள். கிரேக்க மூலம் எப்போது, அதைப் பார்த்துப் பின்னர் செய்த நகல் எப்போது.

க்னிடோஸ் நகரின் அப்ரோடைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்ரோடைட் கிரேக்கரின் காதல் தெய்வம், ரோமானியர் வைத்த பெயர் வீனஸ். கிரேக்கச் சிற்பி பிராக்சிடெலிஸ் அதைப் பளிங்கில் செதுக்கியது பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில். ஆடை உடுத்திய சிலையைக் கோஸ் தீவினர் வாங்கிக்கொள்ள, ஆடையில்லாதது க்னிடோஸுக்குப் போனது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. ஊரின் கடனை முழுவதும் தீர்க்கிறேன் என்று நிகோமீடிஸ் மன்னர் கேட்டும் க்னிடோஸ்காரர்கள் அதைக் கொடுக்கவில்லையாம். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அந்தச் சிலை இன்று இல்லை. புத்தகத்தில் பார்க்கும் வாட்டிகனின் கொலோனா வீனஸ் ரோமானிய நகல். ரோமில் உள்ள லுடோவிசி நகலில் உடலும் தொடைகளும்தான் பழையவை. தலை, கைகள், கீழ்க்கால்கள் 17ஆம் நூற்றாண்டில் சிற்பி இப்போலிட்டோ புட்சி சேர்த்தவை. அந்த முகத்தைப் பார்த்து பிராக்சிடெலிஸ் பாணியைப் படிக்காதீர்கள்!

காலவரிசைக் கேள்வியில் மூலத்தின் பெயர் இருக்கிறதா, நகலின் பெயரா என்று முதலில் பாருங்கள். குந்திய நிலையில் உள்ள லெலி வீனஸ் என்றால் அது பொ.ஆ. 2ஆம் நூற்றாண்டு நகல்.

நான் வரைந்து படிக்கும் ஆள். மனப்பாடம் எனக்கு ஒத்துவராது. அதனால் கைகளை மட்டும் கோட்டோவியமாகப் போட்டுக்கொண்டேன்:

- வலக்கை மறைக்கிறது, இடக்கையில் துணி, கீழே குடம்: க்னிடோஸ்
- இரு கைகளும் மறைக்கின்றன, பக்கத்தில் துணி போட்ட குடம்: கேபிடோலின், ரோம்
- இரு கைகளும் மறைக்கின்றன, காலடியில் டால்பின்: மெடிசி, ஃபுளோரன்ஸ் உஃபிசி
- குந்திய நிலை, இரு கைகளாலும் கூந்தலைப் பிரிக்கிறாள்: ரோட்ஸ்

குந்திய வகையின் மூலத்தை டோய்டால்சஸ் என்ற சிற்பியின் பெயரில் எழுதுவது வழக்கம். அதற்கு ஆதாரம் பிளினியின் சிதைந்த ஒரு வரிதான், ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. இருந்தாலும் பொருத்துக கேள்வியில் அந்தப் பெயர் வந்தால் தயங்காமல் குந்திய அப்ரோடைட்டோடு சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், அதே பக்கத்தில் பிரெஞ்சுச் சிற்பி குவாஸ்வோவையும் எழுதிக்கொள்ளுங்கள். 1686இல் வெர்சாய் அரண்மனைக்காக இதே குந்திய வீனஸை அவர் பளிங்கில் செய்தார், இப்போது அது லூவ்ரில் இருக்கிறது. பரோக் பகுதி படிக்கும்போதும் கைகொடுக்கும்.