மேலே போகச் சொன்ன கருவியும் கீழே இறங்கச் சொன்ன மனிதரும்

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், இரவு ஷிஃப்ட்டில், பிரஸ் மெஷினில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின. விசாரணை அறிக்கை ஒரே பக்கம். காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு", நடவடிக்கை என்ற கட்டத்தில் "அறிவுறுத்தப்பட்டது". கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த மெஷினின் பாதுகாப்பு சென்சார் காரணமே இல்லாமல் அடிக்கடி ஓட்டத்தை நிறுத்திவிடும் என்பதும், ஷிஃப்ட் கணக்கு குறையக் கூடாதே என்று மாதக்கணக்காக அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத்தான் எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கட்டத்தில் அதையெல்லாம் எழுத இடமும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம்தான் விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். நாங்கள் ஒரு பக்கத்தில் முடித்ததை இவர்கள் எப்படி நூறு பக்கம் எழுதுகிறார்கள், அந்த நூறு பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது உபர்லிங்கன்.

2002 ஜூலை 1, இரவு 11.35. ஜெர்மனியின் தெற்கு மூலையில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரை ஊரான உபர்லிங்கனுக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போன பாஷ்கிரியன் ஏர்லைன்ஸின் டுபோலெவ் 154, அதில் 69 பேர். பெரும்பாலும் பிள்ளைகள், உஃபா நகரத்திலிருந்து ஸ்பெயினுக்குச் சுற்றுலா கிளம்பியவர்கள். மாஸ்கோவில் விமானத்தைத் தவறவிட்டதால் அவர்களுக்காகத் தனியாக ஏற்பாடு செய்த விமானம் அது. மற்றொன்று, இத்தாலியின் பெர்காமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போன டிஹெச்எல் சரக்கு விமானம், போயிங் 757, அதில் இரண்டு விமானிகள். 71 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இரண்டு விமானங்களும் 36,000 அடியில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் பாதையில் வந்துகொண்டிருந்தன. இரண்டிலும் டிகாஸ் இருந்தது. எதிரே வரும் விமானத்தின் டிகாஸோடு தானே பேசி, "நீ மேலே போ, நான் கீழே போகிறேன்" என்று முடிவுசெய்து விமானிக்குக் குரல் கொடுக்கும் கருவி. தரையிலிருந்து வரும் வழிகாட்டுதலை நம்பாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. மோதலுக்கு 50 வினாடி முன்னால் இரண்டு விமானங்களிலும் "டிராஃபிக், டிராஃபிக்" என்று ஒலித்தது. 43 வினாடி இருக்கும்போது சூரிச்சில் இருந்த கண்ட்ரோலர், அதாவது ரேடாரில் பார்த்து விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்துகிறவர், நெருக்கத்தைக் கவனித்து, டுபோலெவைக் கீழே இறங்கச் சொன்னார். அடுத்த ஏழாவது வினாடியில் டுபோலெவின் டிகாஸ் "மேலே ஏறு" என்றது. டிஹெச்எல்லின் டிகாஸ் "கீழே இறங்கு" என்றது. டிஹெச்எல் விமானிகள் கருவி சொன்னபடி உடனே இறங்கினார்கள்.

டுபோலெவ் காக்பிட்டில் அன்று ஐந்து பேர். துணை விமானி "மேலே போகச் சொல்கிறது" என்றார். அன்று அவருக்கு அதிகாரபூர்வமான வேலை எதுவும் இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தார். வலது இருக்கையிலிருந்த மூத்த பயிற்சியாளர் "அவர் நம்மைக் கீழே இறக்குகிறார்" என்றார். இறங்கினார்கள்.

சரி, இப்போது சொல்லுங்கள், யார் தப்பு?

கண்ட்ரோலர் தாமதமாகக் கவனித்தார், ரஷ்ய விமானிகள் கருவியின் பேச்சைக் கேட்கவில்லை. இந்த இரண்டும் உண்மை. ஜெர்மனியின் விசாரணை அமைப்பான பிஎஃப்யூவின் அறிக்கையிலும் உடனடிக் காரணங்களாக இந்த இரண்டும் இருக்கின்றன. எங்கள் ஒரு பக்க அறிக்கை இதோடு முடிந்திருக்கும். பிஎஃப்யூ இங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் அந்த அறையைப் பாருங்கள். ஸ்கைகைடு என்ற சுவிஸ் நிறுவனத்தின் சூரிச் மையம். தெற்கு ஜெர்மனியின் அந்த வான்பகுதியையும் அவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவுப் பணியில் இரண்டு கண்ட்ரோலர்கள். போக்குவரத்து குறைந்ததும் ஒருவர் ஓய்வுக்குப் போய்விடுவது அங்கே வழக்கம். விதியில் இல்லாத வழக்கம்தான், ஆனால் வருடக்கணக்காக நடந்தது, நிர்வாகத்துக்கும் தெரியும், யாரும் நிறுத்தவில்லை. அதனால் அன்று ஒரே ஆள், சற்றுத் தள்ளித் தள்ளி இருந்த இரண்டு மேஜைகளில், இரண்டு அலைவரிசைகளில் பேச வேண்டிய நிலை.

அதே இரவில் கம்ப்யூட்டர் அமைப்பில் பராமரிப்பு வேலை. அதனால் ரேடார் முழுத் திறனில் இல்லை, இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையில் எச்சரித்திருக்க வேண்டிய வசதி அணைந்திருந்தது. ஒலி எச்சரிக்கை மட்டும் மோதலுக்கு 32 வினாடி முன்னால் அடித்தது, அங்கிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. தொலைபேசியின் முதன்மை இணைப்புகளையும் அதே வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். மாற்று இணைப்பு இருந்தது, அது பழுதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, தாமதமாக வந்த ஏர்பஸ் ஒன்று ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபனில் தரையிறங்க வேண்டும், அதை அந்த விமான நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும், போன் போகவில்லை. திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய கவனம் அந்த ஏர்பஸ்ஸில்தான் இருந்தது.

எனக்கு நெஞ்சை அடைக்கிற இடம் அடுத்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் எச்சரிக்கை வசதி வேலை செய்துகொண்டிருந்தது. மோதலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்பே அங்கிருந்த கண்ட்ரோலருக்குத் தெரிந்துவிட்டது. சூரிச்சுக்குப் போன் போட்டார், 11 முறை. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. இன்னொருவர் பொறுப்பிலிருக்கும் விமானத்தோடு அவர் நேரடியாகப் பேச விதியில் இடமில்லை. பார்க்க முடிந்தவரால் பேச முடியவில்லை, பேச முடிந்தவரால் பார்க்க முடியவில்லை.

சிஸ்டம்ஸ் திங்கிங் என்ற பெயரை நிறைய மேனேஜ்மென்ட் வகுப்புகளில் கேட்டு அலுத்திருப்பீர்கள், வட்டமும் அம்புக்குறியும் போட்டு ஒரு படம் வரைவார்கள். விபத்து விசாரணையில் அதற்கு ரொம்பக் குறிப்பான அர்த்தம் உண்டு. எம்ஐடி பேராசிரியர் நான்சி லெவ்சன் சொல்வதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். பாதுகாப்பு என்பது ஒரு பாகத்தில் இருப்பது அல்ல, பாகங்களுக்கு நடுவே இருப்பது. கட்டுப்படுத்துகிற ஒவ்வொருவர் மனதிலும், அவர் மனிதரோ கருவியோ, வெளியே என்ன நடக்கிறது என்று ஒரு சித்திரம் இருக்கும். அந்தச் சித்திரத்தை வைத்துத்தான் அவர் கட்டளை போடுகிறார். வெளியிலிருந்து தகவல் திரும்பி வந்துகொண்டே இருந்தால்தான் சித்திரமும் நிஜமும் ஒத்துப்போகும். தகவல் வருகிற வழி அடைபட்டுவிட்டால், ஒரு பாகமும் உடையாமலே, ஒருவரும் சோம்பேறியாக இல்லாமலே விபத்து நடக்கும். அதனால் விசாரிப்பவர் "ஏன் இப்படித் தப்பாகச் செய்தான்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அந்த நிமிடத்தில் அவனுக்கு அது ஏன் சரியாகப் பட்டது?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதை அந்தக் கண்ட்ரோலர் மேல் வைத்துப் பாருங்கள். அவர் மனதில் இருந்த சித்திரம்: இரண்டும் ஒரே உயரத்தில், ஒன்றை இறங்கச் சொல்லியாயிற்று, அது இறங்குகிறது, பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சித்திரத்தில் டிஹெச்எல் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. டிகாஸ் விமானிக்கு என்ன உத்தரவு போட்டது என்பது அன்று கண்ட்ரோலரின் திரைக்கு வராது. விமானி வாயால் சொன்னால்தான் தெரியும். டிஹெச்எல் விமானிகள் சொன்னார்கள், மோதலுக்கு 13 வினாடி இருக்கும்போது. அது அவர் கவனத்துக்கு வந்து சேரவில்லை, அதற்குள் ஏர்பஸ் பக்கம் திரும்பிவிட்டார். டுபோலெவ் விமானிகள் மனதில் இருந்த சித்திரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவது முறை இறங்கச் சொன்னபோது கண்ட்ரோலர் எதிர் விமானம் வலப்பக்கம் இருப்பதாகச் சொன்னார், நிஜத்தில் அது இடப்பக்கம். இரவில், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடுகிறவர்களுக்கு அந்தச் சொல் என்ன செய்திருக்கும்?

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி. கருவி ஒன்று சொல்கிறது, மனிதர் வேறொன்று சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது? மேற்கில் பயிற்சி பெற்ற விமானிகளுக்குக் கருவி பேச்சைக் கேள் என்பது பாடம். ஆனால் டுபோலெவின் கையேட்டில், கண்ட்ரோலரின் உத்தரவைச் சரியாக நிறைவேற்றுவதுதான் மோதலைத் தவிர்க்க முக்கியமான வழி, டிகாஸ் ஒரு கூடுதல் உதவி என்று இருந்தது. சர்வதேச விதிகளோ முழுமையாக இல்லை, சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்பட்டும் இருந்தன. ரஷ்யாவுக்குள் டிகாஸ் கட்டாயமே இல்லை. ஐரோப்பா 2000-ல் கட்டாயமாக்கியது என்பதால் அங்கே பறக்கப்போகும் விமானங்களில் பொருத்தினார்கள். ஆக அன்று இரண்டு விமானங்களும் தங்கள் தங்கள் புத்தகத்தின்படி சரியாகத்தான் நடந்துகொண்டன. டிகாஸ் என்ற பெட்டியை உலகம் முழுக்கப் பொருத்தியாயிற்று, அந்தப் பெட்டி எந்த ஒழுங்குக்குள் போய் உட்கார வேண்டுமோ அந்த ஒழுங்கை யாரும் கட்டி முடிக்கவில்லை. டிகாஸை விமானப் போக்குவரத்து அமைப்பில் இணைத்த விதம் போதவில்லை என்று பிஎஃப்யூ அடிப்படைக் காரணங்களில் ஒன்றாக எழுதியது.

நமக்கு நெருக்கமான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1996 நவம்பர் 12-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி ஜம்போவும் கஜகஸ்தான் இல்யூஷினும் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியா இந்த மோதல் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. ஒரு விபத்தின் மருந்தாக வந்த கருவி, ஆறு வருடம் கழித்து இன்னொரு விபத்தின் ஒரு பாகமாக இருந்திருக்கிறது. கருவி கெட்டது என்று சொல்லவில்லை, எத்தனையோ மோதல்களைத் தடுத்திருக்கிறது. ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் மற்ற எல்லாவற்றின் உறவும் மாறிவிடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னும் வலிக்கிற விஷயம், இது முன்பே ஒரு முறை நடந்திருந்தது. 2001 ஜனவரி 31, ஜப்பானின் யாய்சு நகரத்துக்கு அருகே, ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள். பயிற்சியிலிருந்த கண்ட்ரோலர் விமான எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு விமானத்தின் டிகாஸ் மேலே என்றது, கண்ட்ரோலர் கீழே என்றார், விமானி கண்ட்ரோலர் பேச்சைக் கேட்டார். அடுத்த விமானம் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. அச்சு அசலாக அதே கதை. கடைசி நொடியில் கண்ணால் பார்த்து விலகியதால் இரண்டிலும் சேர்த்து 677 பேர் பிழைத்தார்கள், சுமார் 100 பேருக்குக் காயம். அதன் விசாரணை அறிக்கை வெளிவந்தது 2002 ஜூலையில், உபர்லிங்கனுக்குச் சில நாள்கள் கழித்து. இரண்டு விமானங்களும் ஒரே பக்கம் போனால் டிகாஸ் தன் உத்தரவைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற திருத்த யோசனையும் மோதலுக்கு முன்பே வந்து, காத்துக்கொண்டிருந்தது. இந்தத் திருத்தம் சேர்ந்த டிகாஸின் 7.1 பதிப்பு ஐரோப்பாவில் ஏற்கெனவே பறக்கிற விமானங்களுக்கெல்லாம் கட்டாயமானது 2015 டிசம்பரில். ஒரு அமைப்பு எவ்வளவு மெதுவாகத் தன் காயத்தை உணர்கிறது என்பதற்கு இந்தத் தேதிகளே போதும்.

"இப்படி அமைப்பு அமைப்பு என்று பேசினால் யாருக்குமே பொறுப்பில்லாமல் போய்விடாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் உபர்லிங்கனில் நடந்தது நேர்மாறு. 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைடைச் சேர்ந்த நான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஒரே ஆள் இருக்கும் அறையில் அந்த இரவு அந்த வேலையை நடத்த விட்டவர்கள்வரை கேள்வி போனதே, விசாரணை கண்ட்ரோலரோடு நிற்காததால்தான்.

அந்தக் கண்ட்ரோலர் அந்தத் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த விமானத்தில் பறிகொடுத்த ஒருவர், 2004 பிப்ரவரி 24-ல், அவர் வீட்டு வாசலிலேயே அவரைக் குத்திக் கொன்றார். பிஎஃப்யூ அறிக்கை வெளியானது அதே வருடம் மே மாதம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள் எங்கள் வீட்டில். அந்தத் தகப்பனின் துக்கத்தை அளக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் துக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, அங்கே தெரிந்தது ஒரே முகம்தான்.

எங்கள் ஆபரேட்டரை இரண்டு வருடம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். வேறு இடத்தில் வாட்ச்மேன் வேலை. டீ குடித்தோம். இடது கையால் டம்ளரைப் பிடித்திருந்தார். நானாகத்தான் அந்த சென்சார் பேச்சை எடுத்தேன், அன்றைக்கு அதை அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டுவிட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் இல்ல சார், என்னோட கவனக்குறைவுதான்" என்றார்.